புளித்த கற்பூரம்

எங்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு பூனை வேண்டுமானால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பக்கத்து வீட்டு மாடியில் இருநூற்று நாற்பது செல்லுலாய்டு பொம்மைகள் இருக்கின்றன என்று தெரியவந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. என் மனைவி ஹட்சுகோ இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "அப்ப ராத்திரியெல்லாம் குறட்டை விடுறது யாரு, பூனையா?" என்பாள்.

நான் பயந்தாங்கொள்ளிதான். எழுபத்துமூன்று வயதில் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் என் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்த இந்தக் கட்சுஷிகா சந்துகளில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு செல்லுலாய்டு பொம்மைக்குக் கண் எழுதுவார்கள், விளிம்பு சீவுவார்கள். எனக்கு ஆறு வயதிருக்கும்போது எதிர்வீட்டில் சீவல் மூட்டையின் மேல் கணப்புச் சட்டியிலிருந்து ஒரு பொறி விழுந்தது. தீப்பிடித்தது என்று சொல்ல முடியாது. பிடிப்பதற்கு நேரமே இல்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளை வெளிச்சம். புகை வருவதற்கு முன் கூரை போய்விட்டது. செல்லுலாய்டு என்பது பஞ்சும் அமிலமும் கற்பூரமும் சேர்ந்த சரக்கு. கற்பூரம் எப்படி எரியும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பொம்மைகளின் சொந்தக்காரர் ஓரிஹாரா மிட்சுயே. எங்கள் சந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வயது அறுபத்துநாலு. தனியாக இருக்கும் பெண். பல்செட் கட்டும் பட்டறையில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குரல் வெளியே கேட்காது, குப்பை போடும் நாள் தவறாது, குனிந்து வணக்கம் சொன்னால் நாம் நிமிர்ந்த பிறகும் அவர் நிமிர மாட்டார். இப்படிப்பட்டவர் வீட்டில் வெடிமருந்து இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

வந்த புதிதில் ஒருமுறை, ஏன் இந்தப் பொம்மைகள் என்று கேட்டேன். என் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் பதில் சொன்னார்.

"பதினோராயிரம் பல்லாவது செஞ்சிருப்பேன், நகாகோமே சான். அத மாட்டிக்கிட்ட ஒருத்தர் முகத்தகூட நான் பாத்ததில்ல. இந்நேரம் அதுல பாதி அவங்கவங்க கூடவே சுடுகாட்டுல எரிஞ்சு போயிருக்கும். நம்ம கை பட்டதுல ஏதாவது ஒண்ணு நம்ம கண்ணு முன்னால நிலைச்சு நிக்கணும்னு தோணுச்சு."

நிலைத்து நிற்பதற்கு உலகத்தில் கல் இருக்கிறது, பித்தளை இருக்கிறது. இவர் தேடிப் பிடித்தது தீக்குச்சித் தலைக்கு அண்ணன் முறையாகும் ஒரு சாமானை. நான் சொல்லவில்லை. நாங்கள் எதைத்தான் நேராகச் சொல்லியிருக்கிறோம்?

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். நசுங்கிய தலையில் கழுத்து வழியாக வெந்நீர் விட்டு, பல் கட்டும் கம்பியால் உள்ளிருந்து தட்டி, கன்னத்தை மறுபடி உப்ப வைப்பார். விரிசலுக்குப் புதுப் பிளாஸ்டிக் ஒத்துவராது. பழசுக்குப் பழசுதான் சேரும். அதனால் தேறாத பொம்மைகளின் துண்டுகளையும் பழைய டேபிள் டென்னிஸ் பந்துகளையும் சீவி, அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசுவார். காய்ந்த பிறகு ஒட்டுப் போட்ட இடம் எது என்று அவர் காட்டினால்தான் தெரியும். கப்பல், தங்கமீன், கரடி மேல் உட்கார்ந்த பையன், கண்ணை ஒரு பக்கமாக உருட்டிப் பார்க்கும் குண்டுக் குழந்தை என்று எல்லாம் கம்பிவலைத் தட்டுகளில் ஒன்றை ஒன்று தொடாமல் உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. பல்பு கிடையாது. ஒரு சின்ன மின்விசிறி மட்டும் எந்நேரமும் சுற்றும்.

"செல்லுலாய்டு மூச்சு விடணும்," என்பார். "விட்ட மூச்சையே திரும்ப இழுத்துச்சுன்னா சீக்கு வந்துடும்."

சீக்கு வந்தால் பொம்மை வியர்க்கும். மஞ்சளாகும். கைகாலைப் பிடித்திருக்கும் இரும்புக் கம்பி பச்சை பூக்கும். அதன் மூச்சுப் பட்டால் பக்கத்துப் பொம்மைக்கும் தொற்றும். முற்றினால், கோடை வெயிலில் யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளவும் கூடும். இதையெல்லாம் அவர் மழை வருமா என்று பேசுகிற குரலில் சொன்னார். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"பயப்படாதீங்க. கண்ணுக்குத் தெரியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சுடும். நல்ல பொம்மை கற்பூரம் மாதிரி மணக்கும். சீக்குப் பொம்மை புளிக்கும். தினம் காலையில ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டுத்தான் நான் டீயே குடிக்கிறது."

அந்த மூக்கை நம்பித்தான் எட்டு வருடம் ஓட்டினேன்.

போன வசந்தத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் சுற்றியது. ஓரிஹாரா சானும் பத்து நாள் படுத்து எழுந்தார். ஹட்சுகோ கஞ்சி காய்ச்சிக் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, "ரொம்ப ருசியா இருந்துச்சு" என்று அவர் சொன்னார். அன்றைக்குக் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டதாக ஹட்சுகோ பிறகு என்னிடம் சொன்னாள். மரியாதைக்குச் சொல்கிறார் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட பிறகு அந்த வாடை வந்தது. காலையில், வீட்டில் இறந்தவர்களை நினைத்துக் கும்பிடும் புத்தர் மாடத்துக்கு முன் உட்கார்ந்து கண்ணை மூடினால் மூக்கில் ஏறும். கற்பூரம், அதன் அடியில் ஏதோ ஒரு காரல். நாற்பது வருடம் சலவைக்கடை நடத்தியவன் நான். எந்தக் கறை எந்தக் குழம்பு என்று முகர்ந்தே சொல்வேன். ஹட்சுகோவுக்கோ பிறவியிலேயே மூக்கடைப்பு. ஊதுபத்தி வாசனையே எட்டாது.

"பக்கத்து வீட்டுலேருந்துதான் வருது," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வரல."

"உனக்கு என்னைக்கு வந்திருக்கு?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்களுக்கு மூக்குலயும் பேய் புகுந்துடுச்சு. சந்தேகமா இருந்தா நாலு எட்டு நடந்து போய்க் கேளுங்க."

நாலு எட்டுதான். ஆனால் ஒருவர் வீட்டு வாசலில் நின்று உங்கள் வீடு நாறுகிறது என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. சந்துச் சங்கத் தலைவர் சுகாயாவிடம் போனேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தத் தகராறிலும் ஓரமாக வண்டியை நிறுத்திவிடும் குணம்.

"நேரா சொல்லிடலாமேப்பா."

"நீங்க சொல்லுங்களேன்."

"நானா? எனக்கு அந்த வாடையே வரலையே. சரி, சுற்றுப் பலகையில ஒரு வரி போட்டுடுவோம். யார் சொன்னாங்கன்னு இருக்காது."

சுற்றுப் பலகை வீட்டுக்கு வீடு கை மாறிப் போகும் அறிவிப்பு அட்டை. அதில் வடிகால் சுத்தம் செய்யும் தேதிக்குக் கீழே இப்படி வந்தது: 'சில வீடுகளிலிருந்து கற்பூர வாடை வருவதாகத் தெரிகிறது. அக்கம்பக்கத்தாரை மனத்தில் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' சில வீடுகளாம். சந்தில் கற்பூரம் மணக்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். காரலைப் பற்றி நான் சுகாயாவிடம் சொல்லவில்லை. கற்பூர வாடை என்றால் கேட்பதற்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது அல்லவா?

பலகை எங்கள் வீட்டுக்கு அடுத்துப் போக வேண்டியது ஓரிஹாரா வீட்டுக்கு. நான்தான் கொண்டுபோக வேண்டும். கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மணி அடிக்காமல், திருடன் மாதிரி ஓடிவந்தேன்.

மறுநாள் காலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் நின்றார். எங்களுக்கு ஒரு பெட்டி சோயா மணக்கும் அரிசித் தட்டை. தலை முட்டியைத் தொடும் அளவுக்குக் குனிந்து, "இத்தனை நாள் தொந்தரவு கொடுத்துட்டேன். தெரியாமப் போச்சு. எல்லாத்தையும் மூடி வெச்சுட்டேன், இனிமே வராது," என்றார். இருபது காற்றுப் புகாத டப்பா வாங்கி, டப்பாவுக்குப் பன்னிரண்டாக எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். மூச்சு விடணும் என்று சொன்ன வாய்தான். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. வாடை குறைந்த மாதிரி இருந்தது. உண்மையில் குறையவில்லை என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் கொடுத்த தட்டையைத் தின்றுவிட்டு மறுபடி எந்த முகத்தோடு புகார் சொல்வது?

ஆகஸ்ட் பதின்மூன்று. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் மூன்று நாளில் முதல் நாள். காலை ஏழரைக்கே வெயில் முதுகைச் சுட்டது. முப்பத்தேழு டிகிரி போகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். வாசலில் ஓரிஹாரா நின்றிருந்தார். வணக்கம் சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"நகாகோமே சான், உங்க மூக்கு வேணும்."

"என்னது?"

"எனக்கு மூக்கு போயிடுச்சு. வசந்தத்துல வந்த காய்ச்சலோட போனது. திரும்ப வரல. யார்கிட்டயும் சொல்லல." அவர் கை ஒரு துண்டுத் தாளை நீட்டியது. டப்பாவுக்குள் போட்டு வைக்கும் சோதனைத் தாள். நீலமாக இருக்க வேண்டியது. முழுக்க மஞ்சளாகியிருந்தது. "இன்னைக்குத் திறந்து பாத்தேன். கிட்டத்தட்ட எல்லா டப்பாலயும் இப்படித்தான். ஏதோ சிலதுக்குச் சீக்கு. உள்ள எல்லாம் ஒரே காத்தாக் கலந்து போனதால எதுன்னு தாள் சொல்லல. ஒவ்வொண்ணாப் பிரிச்சு மறுபடி தாள் வெச்சா ரெண்டு நாள் ஆகும். டப்பாவத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு."

"தீயணைப்புக்குச் சொல்லிடலாம்," என்றேன்.

"சொல்லணும். வந்தாங்கன்னா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க. அது நியாயந்தான். பன்னெண்டு மணி வரைக்கும் எனக்குக் கொடுங்க. வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள சீக்கைப் பிரிச்சுட்டா மிச்சம் பொழைக்கும். முடியலைன்னா நானே போன் பண்றேன்."

இப்போதே போன் செய்ய வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். மூன்று வீடு தள்ளி நடக்க முடியாத கிழவர் ஒருவர் இருக்கிறார். எல்லாம் பழைய மரவீடுகள். ஆனால் அந்த டப்பாக்களை மூட வைத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து ஹட்சுகோ, "போங்க. கறை பாத்துக் காசு வாங்குன மூக்குதானே, ஒரு நாள் ஓசியா வேலை செய்யட்டும்," என்று என்னைத் தள்ளிவிட்டு, புத்தர் மாடத்துக்குப் பூ மாற்றப் போனாள்.

ஓரிஹாரா வீட்டுப் பின்கட்டில் நிழல் விழும் நடையில் உட்கார்ந்தேன். முன்னால் துணி அலசும் பெரிய தொட்டி, நிறையத் தண்ணீர். ஓரிஹாரா ஒவ்வொரு பொம்மையாகக் கொண்டுவந்து, ஆல்கஹால் துணியால் துடைத்து, காற்றில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு என் கையில் கொடுப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு முகர வேண்டும். முதல் பொம்மையின் மூக்கு என் மூக்கில் இடித்தது.

"கற்பூரம்," என்றேன்.

அவர் மூச்சு விட்டார். பொம்மையைக் கம்பிவலையில் வைத்தார்.

கற்பூரம். கற்பூரம். கற்பூரம். பத்துக்கு ஒருமுறை என் சட்டைக் கையை முகர்ந்து மூக்கைக் கழுவிக்கொள்வேன். பதினேழாவது ஒரு தங்கமீன். மூக்குக்குள் ஊசி ஏறியது. துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்த ஊறுகாய் ஜாடி மாதிரி. அதைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. ஒரு பொறி போதும். என் செருப்பில் ஆணி இருக்கிறதா, தரையில் உரசுமா என்றெல்லாம் யோசித்தேன்.

"புளிப்பு," என்றேன்.

அவர் மீனை வாங்கித் தொட்டியில் போட்டார். அது மிதந்தது. உள்ளே காற்று அல்லவா? இரண்டு கையாலும் அடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வால் பக்கத்துத் துளையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. குமிழி நின்ற பிறகுதான் கையை எடுத்தார். நனைந்துவிட்டால் பயமில்லை என்றார். பயமில்லை என்று அவர் சொன்னது எனக்காக.

இப்படியே நாலு மணி நேரம். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. புளிப்பு என்று நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அமுக்கிப் பிடிக்கும் நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. ஒரு குண்டுக் குழந்தை கையில் வந்தது. முப்பத்தோரு துண்டாகக் கிடந்ததை நாலு வருடம் ஒட்டி, இந்த மே மாதம்தான் முடித்தார் என்று எனக்கே தெரியும். முகர்ந்தேன். பொய் சொல்ல வாய் வந்தது. நல்லாருக்கு என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், வாழ்நாள் முழுக்க நாங்கள் அப்படித்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம்? ஆனால் பயம் மரியாதையை ஜெயித்துவிட்டது.

"புளிப்பு."

"அப்படியா?" என்றார். அந்தக் குழந்தைக்கு நிறையக் குமிழி வந்தது.

பதினொன்றரைக்கு இருநூற்று நாற்பதும் முடிந்தது. தொட்டியின் அடியில் பத்தொன்பது. மற்றதெல்லாம் வலைத்தட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓரிஹாரா சான் வேலைக் குறிப்பேட்டை எடுத்துவந்து, தொட்டியைப் பார்ப்பதும் பக்கத்தைப் புரட்டுவதுமாக நின்றார்.

"எல்லாம் காய்ச்சலுக்கு அப்புறம் நான் ஒட்டுனது," என்றார் மெதுவாக. "காய்ச்சலுக்கு முன்னாடி ஒட்டுனதுல ஒண்ணுகூட இல்ல. பசைக்குச் சீவுன துண்டு ஏற்கெனவே புளிச்சிருக்கு. எனக்குத் தெரியல. சீக்க நானே கரைச்சு, நானே ஊசி போட்டிருக்கேன்."

நான் தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

அவர் விரல் பக்கத்தில் இறங்கி ஒரு இடத்தில் நின்றது. "இருபது எழுதியிருக்கு. இங்க பத்தொன்பதுதான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு உங்க வீட்டுல இருக்கு, நகாகோமே சான்."

இதை நான் வேண்டுமென்றே மறைக்கவில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. ஹட்சுகோ குழந்தையாக இருந்தபோது ஆட்டிய ஒரு செல்லுலாய்டு கிலுகிலுப்பை. பிறகு எங்கள் மகள் நவோ அதை ஆட்டினாள். நவோ எட்டு மாதம்தான் எங்களோடு இருந்தாள். நாற்பத்தாறு வருடமாக அது புத்தர் மாடத்தில் அவள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மே மாதம் அதில் விரிசல் கண்டு ஹட்சுகோ எடுத்துக்கொண்டு போனாள். ஓரிஹாரா சான் ஒட்டிக் கொடுத்தார். ஊதுபத்திப் புகை படியக் கூடாது என்று ஹட்சுகோ அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி வைத்தாள். புத்தர் மாடம். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு நான் மூச்சிழுக்கும் அதே இடம். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வாடை வருகிறது என்று நான் சாதித்த அதே இடம். இன்றைக்கு நாள் முழுக்க அங்கே மெழுகுவர்த்தி எரியும்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பை நடையிலேயே விட்டிருக்கிறேன். மாடத்தில் நவோ சிரித்துக்கொண்டிருந்தாள். ஜாடிக்கும் சுடருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். கண்ணாடியின் உட்புறம் மஞ்சளாக மூடுபனி படிந்திருந்தது. நான் குனிந்து மெழுகுவர்த்தியை வாயால் ஊதினேன்.

"புத்தர் முன்னாடி வாயால ஊதுறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா?" ஹட்சுகோ கையில் பூவோடு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

நான் ஜாடியைத் தூக்கினேன். சுட்டது. அதை நெஞ்சோடு அணைப்பதா தள்ளிப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தேன். அவள் பின்னாலேயே வெறுங்காலோடு வந்தாள்.

ஓரிஹாரா சான் தொட்டிக்கு அருகே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். "என் பசைதான். என் கைதான் செஞ்சுது."

"முதல்ல எழுந்திருங்க," என்றாள் ஹட்சுகோ. விஷயம் முழுவதையும் நான் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவள் ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நிஜமாவே கெட்டுப் போச்சா? மோந்து பாத்தீங்களா?"

மூடியைத் திறந்தேன். இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்த ஊரிலேயே அப்போது வேலை செய்த மூக்கு என்னுடையது ஒன்றுதான். மூக்கு அருகே கொண்டுபோகவே தேவைப்படவில்லை.

"புளிப்பு," என்றேன்.

ஹட்சுகோ அழவில்லை. கிலுகிலுப்பையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து தண்ணீருக்குள் அமுக்கினாள். தண்ணீருக்கு அடியிலும் அது கொஞ்ச நேரம் கலகலத்தது. ஒட்டின விரிசல் மறுபடி பிளந்தது, குமிழி வந்தது, உள்ளே தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மங்கி நின்றுவிட்டது.

அதைக் கேட்ட பிறகு என்னால் மென்று விழுங்க முடியவில்லை. "பலகையில எழுதச் சொன்னது நான்தான், ஓரிஹாரா சான். வாடை உங்க வீட்டுலேருந்து வரவே இல்ல. எங்க வீட்டுலேருந்துதான் வந்திருக்கு. காரல் இருந்துச்சு. அதச் சொல்லாம, வெறும் கற்பூரம்னு சொன்னேன்."

அவர் தொட்டியையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கற்பூர வாடைன்னா பொம்மை நல்லா இருக்குன்னு அர்த்தம்," என்றார் கடைசியில். "பலகையப் படிச்சுட்டு நான் சந்தோஷப்பட்டேன். என் மூக்கு போனாலும் பொம்மை நல்லா இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்களேன்னு. அந்த தைரியத்துலதான் மூடினேன். புளிக்குதுன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அன்னைக்கே எல்லாத்தையும் வெளிய எடுத்திருப்பேன். நீங்க கதவத் தட்டியிருந்தா உங்க வீட்டுக்குள்ளயும் வந்திருப்பேன். அப்ப ஒட்டுப் போட்டு ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பசைய மட்டும் சுரண்டி எடுத்திருந்தா கிலுகிலுப்பை பொழைச்சிருக்கும்."

ஹட்சுகோ தலை நிமிரவில்லை. அவள் கை இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

"சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு," என்றாள். "இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டு அவள் கைமேல் வைத்தேன். காலையிலிருந்து வெயிலில் நின்ற தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கை சில்லென்று இருந்தது.